நாலு பேருக்கு ஒரு திரை: டானி பன்டனின் ஆட்டங்களில் கேம் டிசைன் கற்பது

தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும். தாயம் விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். எதிராளியின் காயை வெட்டினால் இன்னொரு முறை உருட்டலாம். கட்டத்தைச் சாக்பீஸில் போட்டாலும் கரித்துண்டில் போட்டாலும் ஆட்டம் மாறாது. ஆனால் அந்த ‘வெட்டினால் இன்னொரு உருட்டு’ என்ற விதியை மட்டும் எடுத்துவிடுங்கள், ஆட்டத்தின் சூடே போய்விடும். எப்போதோ யாரோ உட்கார்ந்து அந்த விதியை யோசித்திருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பெயர்தான் கேம் டிசைன்.

கணினி விளையாட்டிலும் அதே கதைதான். படம் வரைவது ஒரு வேலை, நிரல் எழுதுவது ஒரு வேலை, இசை போடுவது ஒரு வேலை. யார் எப்போது என்ன செய்யலாம், செய்தால் என்ன கிடைக்கும், என்ன பறிபோகும், பக்கத்தில் இருப்பவருக்கு அதனால் என்ன ஆகும் என்று தீர்மானிப்பது தனி வேலை. வீட்டுக் கணினிகள் புதிதாக வந்த காலத்தில் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே ஆள் செய்ததால், இந்த வேலை தனியாகக் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது.

புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒருவர் செய்த ஆட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் பாருங்கள். அவர் எதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், எதை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார், எங்கே அடி வாங்கினார் என்பதெல்லாம் அப்போது தெரியும். அதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது டானி பன்டன் பெர்ரியை.

டானி 1949-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக்குக்குக் குடிவந்தார். ஆறு பிள்ளைகளில் மூத்தவர். பிறந்தபோது வைத்த பெயர் டேனியல், அதனால் பழைய விளையாட்டுப் பெட்டிகளில் டான் பன்டன் என்று இருக்கும். 1992-இல் பாலின மாற்றம் செய்துகொண்டபின் டானி பன்டன் பெர்ரி என்ற பெயரில் வாழ்ந்தார். இந்தக் கட்டுரை முழுக்க நான் டானி என்றே எழுதுகிறேன். வசதியான வீடு இல்லை. குடும்பம் மனக்கசப்பு இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்தது என்றால் அது விளையாடிய நேரங்களில்தான் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய ஆட்டங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தொழில்துறைப் பொறியியல் படித்தார். படிக்கும்போதே சைக்கிள் கடை ஒன்றும் நடத்தினார். நகரங்கள் இயங்கும் விதத்தைக் கணக்கு மாதிரிகளாக்கும் வேலையும் செய்தார். ஆக, கணினி விளையாட்டுக்குள் வரும்போதே அவருக்கு ஒரு கடை எப்படி நடக்கும் என்றும் தெரியும், ஓர் ஊர் எப்படி இயங்கும் என்றும் தெரியும்.

முதல் ஆட்டம் 1978-இல் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ‘வீலர் டீலர்ஸ்’. நாலு பேர் சேர்ந்து ஆடும் ஏல விளையாட்டு. இதில் ஒரு சிக்கல் வந்தது. ஏலம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். ஆப்பிள் 2-இன் விசைப்பலகையோ ஒரு நேரத்தில் ஒரு விசையைத்தான் கவனிக்கும். நாலு பேர் நாலு விசையை அழுத்தினால் யார் முந்தினார் என்று கணினிக்குத் தெரியாது. விதியைச் சுருக்கிக்கொண்டு, முறை வைத்து ஒருவர்பின் ஒருவராக ஏலம் கேட்கச் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். டானி அதற்குச் சம்மதிக்கவில்லை. நாலு பேரும் தனித்தனியாக அழுத்தும் பொத்தான்கள் கொண்ட ஒரு கருவியையே சேர்த்துப் பெட்டியில் வைத்து விற்றார்கள். மற்ற ஆட்டங்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு 15 டாலருக்கு விற்ற காலத்தில் இது 35 டாலர். விற்றது ஏறக்குறைய 50 பிரதி.

வியாபாரமாகப் பார்த்தால் தோல்விதான். ஆனால் ஒரு டிசைனரின் முதல் வேலையிலேயே அவருடைய பிடிவாதம் என்ன என்று தெரிந்துவிட்டது. ஆட்களைக் கணினிக்கு ஏற்றபடி வரிசையில் நிற்க வைக்க அவர் தயாராக இல்லை, கணினியைத்தான் ஆட்களுக்கு ஏற்றபடி மாற்றினார்.

அப்புறம் மூன்று ஆட்டங்கள் ஸ்ட்ராடஜிக் சிமுலேஷன்ஸ் என்ற நிறுவனத்துக்காகச் செய்தார். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து திட்டம் போடும் ‘கம்ப்யூட்டர் குவார்ட்டர்பேக்’, தொழிற்சாலை முதலாளிகளாகப் போட்டி போடும் ‘கார்டெல்ஸ் அண்ட் கட்த்ரோட்ஸ்’, 1982-இல் ‘சைட்ரான் மாஸ்டர்ஸ்’. கடைசி ஆட்டத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் படைகளை நகர்த்துவார்கள். நீ ஒரு முறை, நான் ஒரு முறை என்ற சதுரங்க வழக்கம் அதில் இல்லை. இன்று ‘ரியல் டைம் ஸ்ட்ராடஜி’ என்று அழைக்கும் வகைக்கு அது ஒரு முன்னோடி. இந்த மூன்றையும் இதற்குமேல் விவரிக்கப்போவதில்லை, ஏனென்றால் அடுத்து வருவதுதான் முக்கியம்.

1982-இல் டிரிப் ஹாக்கின்ஸ் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். டானியின் தொழிற்சாலை ஆட்டத்தை வாங்கி வெளியிட ஆசைப்பட்டார். பழைய நிறுவனம் உரிமையைத் தர மறுத்துவிட்டது. சரி, அதைவிட நல்லதாகப் புதிதாகச் செய்து தருகிறேன் என்றார் டானி. தம்பி பில் பன்டன், ஜிம் ரஷிங், ஆலன் வாட்சன் ஆகியோருடன் சேர்ந்து லிட்டில் ராக்கில் ‘ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப்’ என்ற சிறிய குழுவை அமைத்தார். 1983-இல் வெளிவந்தது ‘மியூல்’.

மியூல் என்றால் கோவேறு கழுதை. ஆட்டத்தில் அது பல வேலைக்கும் பயன்படும் ஓர் இயந்திரக் கழுதை, ‘மல்டிபிள் யூஸ் லேபர் எலிமென்ட்’ என்பதன் முதலெழுத்துகள். கதை நடக்கும் கிரகத்தின் பெயர் இராட்டா. ஆங்கிலத்தில் அந்தப் பெயரைத் தலைகீழாக எழுதினால் ஆட்டாரி. ஆட்டாரி 800 கணினிக்காக எழுதப்பட்டது என்பதால் அந்தப் பெயர். அந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு: அதன் முன்பக்கத்தில் நாலு ஜாய்ஸ்டிக் (கையால் தள்ளி ஆடும் கட்டுப்பாட்டுக் கோல்) செருகும் துளைகள் இருந்தன. வீலர் டீலர்ஸுக்காகத் தனியாகக் கருவி செய்ய வேண்டியிருந்தது, இங்கே கணினியே நாலு பேரை உட்காரச் சொன்னது.

அந்தக் கணினியின் நினைவகம் அதிகபட்சம் 48 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைத் தமிழ் யூனிகோடில் சேமித்தாலே அதைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த அளவுக்குள் ஒரு பொருளாதாரமே ஓடியது.

ஆட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நாலு பேர் ஒரு புதிய கிரகத்தில் குடியேறுகிறார்கள். ஆள் குறைந்தால் அந்த இடத்தைக் கணினி நிரப்பிக்கொள்ளும். பன்னிரண்டு ‘மாதங்கள்’ ஆட்டம். ஒவ்வொரு மாதமும் ஆளுக்கொரு துண்டு நிலம் கிடைக்கும். நடுவில் ஆறு ஓடுகிறது, ஓரங்களில் மலைகள். ஆற்றங்கரை நிலத்தில் உணவு நன்றாக விளையும், சமவெளியில் மின்சக்தி கிடைக்கும், மலையில் ‘ஸ்மித்தோர்’ என்ற தாது கிடைக்கும். நிலம் மட்டும் இருந்தால் போதாது. ஊருக்குள் போய்க் கழுதையை வாங்கி, அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானித்து அதற்கான கருவியை மாட்டி, நிலம்வரை நடத்திக் கூட்டிப்போய், சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் கழுதை ஓடிவிடும், போட்ட காசும் போச்சு.

எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைக் கவனியுங்கள். உணவு குறைந்தால் அடுத்த மாதம் உங்கள் முறைக்குக் கிடைக்கும் நேரமே குறைந்துவிடும், கழுதையை நிலத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்ப்பதற்குள் மணி அடித்துவிடும். மின்சக்தி குறைந்தால் சில நிலங்களில் விளைச்சலே இருக்காது. ஸ்மித்தோர் குறைந்தால் கடையால் புதுக் கழுதைகளைச் செய்ய முடியாது, இருக்கும் கழுதைகளின் விலை ஏறிவிடும். ஆகவே எல்லோரும் இலாபம் பார்த்து ஸ்மித்தோர் பக்கம் ஓடினால் மொத்தக் கிரகமும் பட்டினி கிடக்கும். யாரும் ஸ்மித்தோர் எடுக்காவிட்டால் கழுதை வாங்கவே கைக்காசு போதாது. இந்தப் பின்னலைத்தான் கேம் டிசைனில் ‘சிஸ்டம்’ என்கிறோம், அதாவது ஓர் இடத்தில் தொட்டால் இன்னோர் இடத்தில் அசையும்படி விதிகளைக் கோர்த்து வைப்பது.

மாதக் கடைசியில் ஏலம். மியூலை நான் இவ்வளவு நேசிப்பதற்குக் காரணம் இந்த ஏலத் திரைதான், கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

உணவு ஏலம் என்று வைத்துக்கொள்வோம். விற்க நினைப்பவர் திரையின் மேல்பக்கம் நிற்பார், வாங்க நினைப்பவர் கீழ்ப்பக்கம். திரையின் உயரம்தான் விலை. விற்பவர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே தள்ளினால் அவருடைய உருவம் இறங்கும், அவர் கேட்கும் விலையும் இறங்கும். வாங்குபவர் மேலே தள்ளினால் அவர் தரும் விலை ஏறும். ஓரத்தில் நேரக்கோடு சுருங்கிக்கொண்டே வரும். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் சந்தித்தால், அந்த விலையில் மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறத் தொடங்கும். இருவரில் யாராவது விலகினால் அந்த நொடியே நின்றுவிடும். கடையில் சரக்கு இருந்தால் கடையின் விலைதான் உச்சவரம்பு. கடை காலியாகிவிட்டாலோ வரம்பே கிடையாது, விற்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக் கேட்கலாம்.

எண்களைத் தட்டச்சு செய்யும் வேலை இல்லை, பட்டியல் இல்லை, ‘சம்மதமா’ என்று கேட்கும் பெட்டியும் இல்லை. ஒரு கோலை மேலும் கீழும் தள்ளுவதுதான் மொத்தமும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். ஆனால் அந்தக் கோலுக்குப் பின்னால் சந்தையின் முழு நாடகமும் இருக்கிறது.

முதன்முதலில் நானும் மூன்று நண்பர்களும் எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போலவே இயங்கும் ஒரு நிரலில், இதை ஆடியபோது நடந்தது இன்னும் மறக்கவில்லை. ஐந்தாவது மாதம். எங்களில் ஒருத்தியிடம் மட்டும் உணவு மிஞ்சியிருந்தது, கடையும் காலி. அவள் திரையின் உச்சியில் அசையாமல் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் கீழே நின்று, “யாரும் மேலே போகாதீங்க, அவளே இறங்குவா” என்று பேசி வைத்துக்கொண்டோம். நேரக்கோடு பாதியானது. அவள் கொஞ்சம் இறங்கினாள். அந்த நேரம் பார்த்து எங்களில் ஒருவன் பொறுமை இழந்து விறுவிறுவென்று ஏறினான். இன்னொருவன் “டேய்!” என்று கத்திக்கொண்டே அவனைத் தாண்டி ஏறினான். அவள் சிரித்துக்கொண்டே திரும்ப மேலே நகர்ந்தாள். கடைசி இரண்டு நொடியில் விலை எங்கேயோ போய் நின்றது. கணினி எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. வாக்கு கொடுத்ததும் மீறியதும் திட்டியதும் எல்லாம் சோபாவில்தான் நடந்தது.

டானி செய்ததன் சாரம் அங்கே இருக்கிறது. சுவாரசியம் முழுவதையும் திரைக்குள்ளேயே தேட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படியான விதிகளை வைத்தார். நல்ல எதிரி வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுசனைவிட நல்ல எதிரி யார்?

அடுத்து, புதியவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று: சமநிலை. பலர் ஆடும் எந்த ஆட்டத்துக்கும் ஒரு நோய் உண்டு. ஆரம்பத்தில் முந்தியவர் முந்திக்கொண்டே போவார், பின்தங்கியவர் பாதியிலேயே அலுத்துப்போய் எழுந்துவிடுவார். மியூல் இதற்குச் சத்தமில்லாமல் மருந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் எதிர்பாராத நிகழ்வுகள் வரும், சிலருக்கு அதிர்ஷ்டமாக, சிலருக்கு நட்டமாக. முதலிடத்தில் இருப்பவருக்கு நல்லது வராது, கடைசி இடத்தில் இருப்பவருக்குக் கெட்டது வராது. ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால் பின்தங்கியவருக்குத்தான் அது. ஆடும்போது இதை யாரும் உணர்வதில்லை. கடைசி மாதம்வரை நாலு பேருக்கும் நம்பிக்கை இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

இன்னொன்று, ஆடத் தெரிந்தவரும் தெரியாதவரும் சேர்ந்து உட்கார வேண்டுமே? தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ‘ஃபிளாப்பர்’ என்ற இனம் புதியவர்களுக்கானது, கையில் 1600 டாலரோடு தொடங்கும். ‘ஹியூமனாய்டு’ தேர்ந்தவர்களுக்கானது, 600 டாலர்தான். மற்றவர்களுக்கு 1000. அண்ணனும் தங்கையும் சமமாக மோத இந்த ஏற்பாடு போதும்.

கடைசியில் கணக்கு இரண்டு விதமாகப் பார்க்கப்படும். யாருக்கு அதிகச் சொத்து என்பது ஒன்று. மொத்தக் குடியேற்றமும் சேர்ந்து எவ்வளவு ஈட்டியது என்பது இன்னொன்று. நீங்கள் முதலிடம் பிடித்திருக்கலாம், ஆனால் எல்லோரையும் நசுக்கிப் பிடித்த முதலிடம் என்றால் உங்கள் குடியேற்றமே தோற்றதாக ஆட்டம் அறிவித்துவிடும். போட்டியும் கூட்டுறவும் ஒரே ஆட்டத்தில் இப்படிக் கட்டிப்போடப்பட்டதை அதற்கு முன் வீட்டுக் கணினியில் நான் பார்த்ததில்லை.

இவ்வளவு சிறப்பான ஆட்டம் ஏறத்தாழ 30,000 பிரதிதான் விற்றது. திருட்டுப் பிரதிகளாகப் பரவியது அதைவிட அதிகம் என்பார்கள். ஆட்டாரிக்காரர்களின் நாலு துளைகளும் அடுத்து வந்த மாதிரிகளில் இரண்டாகக் குறைந்துவிட்டன.

1984-இல் டானி முற்றிலும் வேறு திசையில் போனார். ‘தி செவன் சிட்டீஸ் ஆஃப் கோல்ட்’. ஒரே ஒருவர் ஆடுவது. நீங்கள் ஸ்பெயினிலிருந்து கப்பல் ஏறி மேற்கே போகும் மாலுமி. கரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. இறங்கினால் நதியா மலையா ஊரா என்று தெரியாது. ஓசார்க் மலைப்பகுதியில் நடைபயணம் போய் வழிதவறிய அனுபவத்திலிருந்துதான் இந்த எண்ணம் பிறந்தது என்று டானி சொல்லியிருக்கிறார். ஆட்டத்தில் அந்த உணர்வு அப்படியே இருக்கிறது: உணவு தீர்ந்துகொண்டே வரும், திரும்பும் வழி மறந்திருக்கும், இருட்டில் தடவுவதுபோல நடந்துகொண்டே இருப்பீர்கள். வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் ஃப்ளாப்பியிலிருந்து துண்டுதுண்டாக எடுத்துக் காட்டியது அந்த நிரல். நிஜ வரைபடம் அலுத்துவிட்டால் கணினியே புதிய கண்டங்களை உருவாக்கித் தரும். இன்று ‘ஓப்பன் வேர்ல்ட்’ என்று பெட்டிமேல் போட்டு விற்கிறார்களே, அதன் ஆரம்பக் கால முன்மாதிரிகளில் இது ஒன்று.

அதில் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். பூர்வகுடிகளின் ஊருக்குள் நுழைகிறீர்கள். மக்கள் உங்களைச் சுற்றி மொய்க்கிறார்கள். நடுவில் தலைவர் நிற்கிறார். அவரை அடைந்து பரிசு கொடுத்து நட்பாக வேண்டும். ஆனால் கூட்டத்தில் அவசரப்பட்டு நடந்து யார்மேலாவது மோதினால் அவர் இறந்துவிடுவார், ஊரே உங்கள்மேல் பாயும். கத்தி எடுக்கும் பொத்தானை நீங்கள் அழுத்தவே இல்லை, நடக்கத்தான் செய்தீர்கள். ஒரு வரலாற்றுக் கொடுமை எப்படிப் படபடப்பிலிருந்தும் தொடங்க முடியும் என்பதை ஒரு ஜாய்ஸ்டிக்கின் வழியாக உணர வைத்த இடம் அது. வன்முறையால் தங்கம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அப்புறம் அந்தக் கரையில் உங்களுக்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள், திரும்பி வரும் பயணத்துக்கு உணவும் கிடைக்காது. எது சரி என்று ஆட்டம் வாயைத் திறந்து சொல்வதில்லை, விளைவுகளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு இன்றும் இது பெரிய சாதனையாகப் படுகிறது.

இந்த ஆட்டம் 1,50,000 பிரதிக்கு மேல் விற்றது. மியூலைப்போல் ஐந்து மடங்கு. டானியின் வாழ்நாளில் நன்றாக விற்றது தனியாள் ஆட்டம்தான். பதிப்பாளர்கள் அதைப் போல் இன்னொன்று கேட்டார்கள், 1985-இல் ‘ஹார்ட் ஆஃப் ஆப்பிரிக்கா’ வந்தது. நல்ல ஆட்டம், ஆனால் அதில் டானியின் மனம் முழுதாக இல்லை என்றே எனக்குத் தோன்றும்.

மனம் எங்கே இருந்தது என்பது அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. 1986-இல் ‘ரோபாட் ராஸ்கல்ஸ்’. கணினி நிரலோடு நிஜமான அட்டைச் சீட்டுக்கட்டும் பெட்டியில் இருந்தது. சீட்டில் வரும் பொருட்களை ரோபாட் தேடிப் பொறுக்க வேண்டும், நடுவில் ஒருவர் சீட்டை இன்னொருவர் பிடுங்கலாம். குடும்பமாக உட்கார்ந்து ஆடுவதற்கென்றே செய்தது. தனியாக ஆடும் வசதியே கிடையாது! விற்பனை சுமார் 9,000. தன் பெரிய வெற்றிக்குப் பிறகும் இப்படி ஒன்றைச் செய்யும் துணிச்சலை நினைத்தால் மரியாதை வருகிறது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும்: கணினி அப்போது பெரும்பாலான வீடுகளில் ஓர் ஓரத்து மேசையில், ஒரே நாற்காலியோடு இருந்தது. நாலு பேரை அங்கே கூட்டுவது சுலபமில்லை.

சரி, ஆட்கள் கணினியிடம் வரவில்லை என்றால் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைக்கலாம் அல்லவா? 1988-இல் வந்த ‘மோடம் வார்ஸ்’ அதைத்தான் செய்தது. இரண்டு வீடுகள், இரண்டு கணினிகள், நடுவே சாதாரணத் தொலைபேசிக் கம்பி. மோடம் என்பது கணினியின் எண்களை ஒலியாக மாற்றித் தொலைபேசியில் அனுப்பி, மறுமுனையில் திரும்ப எண்களாக்கும் கருவி.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் டிசைனருக்கு என்ன தலைவலி என்பது புரியும். அக்கால மோடம் நொடிக்கு 1200 பிட் அனுப்பும். 320-க்கு 200 புள்ளிகள், நாலு நிறம் கொண்ட ஒரே ஒரு திரைக்காட்சிக்கு 1,28,000 பிட் தேவை. அதை அப்படியே அனுப்பினால் ஒரு காட்சி போய்ச் சேரக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். போர் விளையாட்டு என்ன ஆவது? ஆகவே இப்படிப்பட்ட ஆட்டங்களில் காட்சியை அனுப்பவே மாட்டார்கள். ‘மூன்றாம் படை கிழக்கே போ’ என்ற கட்டளையை மட்டும் சில எழுத்துகளாக அனுப்புவார்கள். இரண்டு கணினியிலும் ஒரே நிரல், ஒரே தொடக்கநிலை, ஒரே கட்டளைகள், அதனால் இரண்டிலும் ஒரே போர் நடக்கும். கட்டளைகளைச் சேமித்து வைத்தால் ஆட்டம் முடிந்தபின் முழுப் போரையும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். மோடம் வார்ஸில் அந்த வசதி இருந்தது. விளையாட்டு வீரர்கள் போட்டியின் பதிவைப் போட்டுப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் தங்கள் தவறுகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

1988-இல் மோடம் வைத்திருந்த வீடுகள் குறைவு. இரண்டு நண்பர்களிடமும் மோடம், இருவரிடமும் அதே ஆட்டம், இருவர் வீட்டிலும் யாரும் தொலைபேசி கேட்காத நேரம் என்று எல்லாம் பொருந்தி வர வேண்டும். நடுவில் கால் வெயிட்டிங் வந்தால் தொடர்பு அறுந்துவிடும். ஆட்டம் விற்கவில்லை.

டானி மைக்ரோபுரோஸ் நிறுவனத்துக்கு மாறினார். 1990-இல் ‘கமாண்ட் ஹெச்க்யூ’, உலக வரைபடத்தின் மேல் இருவர் மோதும் போர். 1992-இல் ‘குளோபல் கான்க்வெஸ்ட்’, நாலு பேர் வலைப்பின்னலிலோ மோடத்திலோ சேர்ந்து ஆடுவது. ஒரு பெரிய பதிப்பாளரிடமிருந்து வந்த நாலு பேர் வலைப்பின்னல் ஆட்டங்களில் அதுதான் முதலாவது என்பார்கள். எண்ணிப் பாருங்கள்: 1978-இல் நாலு பேருக்கான பொத்தான் கருவி, 1983-இல் நாலு ஜாய்ஸ்டிக், 1986-இல் சீட்டுக்கட்டு, 1988-இல் தொலைபேசிக் கம்பி, 1992-இல் வலைப்பின்னல். கருவி மாறிக்கொண்டே இருக்கிறது, ஆட்களை எப்படிச் சேர்ந்து ஆட வைப்பது என்ற கேள்வி ஒன்றேதான்.

அதற்கப்புறம் அவர் வெளியிட்டவை குறைவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேகா ஜெனசிஸ் என்ற வீடியோ கேம் கருவிக்காக மியூலை மறுபடி செய்யும் வேலை நடந்தது. துப்பாக்கியும் குண்டும் சேருங்கள், அப்போதுதான் விற்கும் என்றது பதிப்பாளர் தரப்பு. டானி சேர்க்க மாட்டேன் என்றார். திட்டம் நின்றுபோனது. இந்த மறுப்பைச் சிலர் வியாபாரம் தெரியாத பிடிவாதம் என்பார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. மியூலில் ஒருவரை ஒருவர் சுட முடிந்தால் ஏலத்தில் பேரம் பேச என்ன காரணம் இருக்கும்? ஒரு விதியைச் சேர்ப்பது மொத்த ஆட்டத்தையும் மாற்றுவதற்குச் சமம் என்று தெரிந்தவர் எடுத்த முடிவு அது.

1997-இல் இணையத்தில் ஆடுவதற்காக ‘வார்ஸ்போர்ட்’ செய்தார். மோடம் வார்ஸின் மறுபிறவி. அவர் இருபது வருடம் காத்திருந்த உலகம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. 1998 மே மாதம் கணினி விளையாட்டு உருவாக்குவோர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. ஜூலை 3 அன்று நுரையீரல் புற்றுநோயால் லிட்டில் ராக்கில் இறந்தார். வயது 49.

மரணப் படுக்கையில் யாரும் ‘கணினியோடு தனியாக இன்னும் கொஞ்ச நேரம் கழித்திருக்கலாமே’ என்று வருந்தியதில்லை என்று அவர் ஒருமுறை சொன்னார். அவர் பேச்சில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அதுதான்.

கேம் டிசைனர் வில் ரைட் 2000-இல் வெளியிட்ட ‘தி சிம்ஸ்’ ஆட்டத்தை டானியின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். 2007-இல் ஊடாட்டக் கலை அறிவியல் அகாதெமியின் புகழ் மண்டபத்தில் டானியின் பெயர் சேர்ந்தபோது அதை வழங்கியவர் சிட் மெய்யர். ‘பைரேட்ஸ்’, ‘சிவிலைசேஷன்’ ஆகியவற்றைச் செய்தவர், செவன் சிட்டீஸ் ஆட்டத்திலிருந்து கற்றுக்கொண்டதை வெளிப்படையாகச் சொல்பவர்.

படித்தது போதும், ஆடிப் பாருங்கள். மியூலின் ஆட்டாரி வடிவத்தை எமுலேட்டரில் ஓட்டலாம். 2009-இல் ‘பிளானட் மியூல்’ என்ற இணைய வடிவமும் வந்தது. மூன்று பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். முதல் ஆட்டத்துக்குத் தொடக்கநிலை முறையை எடுங்கள், அதில் ஆறு மாதம்தான். புதியவர் யாராவது இருந்தால் அவருக்கு ஃபிளாப்பர். முதல் மாதம் ஆற்றங்கரை நிலம் கிடைத்தால் விடாதீர்கள். கழுதையைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்முன் நேரக்கோட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏலத்தின்போது திரையைவிடப் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைக் கவனியுங்கள், விலை எங்கே போகும் என்பது அங்கேதான் முதலில் தெரியும்.